விதைநெல்லை விற்றுக் கடன் அடைப்பதா?

வயலை ஈடு வைத்து மகனைப் படிப்பித்தோம். படித்து முடித்த மகனை இன்று அரசாங்கம் ஈடு வைத்து, தான் பட்ட கடனுக்கு வட்டி கட்டுகிறது. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் நடப்பது இதுதான். இதனை முன்னேற்றம் என்று சிலர் மேடையேறிப் பாராட்டுகிறார்கள். துரோகம் என்று வேறு சிலர் மூலையிலிருந்து முணுமுணுக்கிறார்கள். இரு சாராரும் உண்மையை மறைக்கிறார்கள் என்பது நமது குற்றச்சாட்டு.

எந்தத் தெருவிலே நுழைந்தாலும் காட்சி ஒன்றுதான். பொறியியலாளர் கட்டாரில், கணக்காளர் சவூதி அரேபியாவில், கட்டட அளவீட்டாளர் டுபாயில். வைத்தியரோ இங்கிலாந்துக்கான பரீட்சைக்கு இரவிரவாகப் படித்துக்கொண்டிருக்கிறார். வாப்பாவும் உம்மாவும் கைத்தொலைபேசிக் கண்ணாடியிலே பேரனின் முகத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். காரைதீவிலும் பாண்டிருப்பிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களின் கதையும் வேறல்ல. வாப்பா என்ற இடத்தில் அப்பா என்று போட்டுக்கொண்டால் போதும். வயல் என்னவாயிற்று என்று கேட்டால், குத்தகையில் இருக்கிறது என்பார்கள். அல்லது ஈட்டில் இருக்கிறது என்பார்கள்.

வயல் வளர்த்த கல்வி

இந்தக் கரையோரத்துக்குக் கல்வி வானத்திலிருந்து விழவில்லை. 1942ஆம் ஆண்டு, உலகப் போரினால் நாடு சோற்றுக்குத் திண்டாடிய வேளையில், உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்புடன் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார் ஏ. எம். ஏ. அஸீஸ். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்தவர். இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் முஸ்லிம். நெல்லைப் பெருக்க வந்த அந்த உத்தியோகத்தர், நெல்லை விளைவிப்பவனின் பிள்ளை பள்ளிக்கூடம் போக வழியின்றி நிற்பதையும் கண்டார். கண்டும் காணாதவர்போல் கந்தோர்க் கதிரையில் அவர் அமர்ந்திருக்கவில்லை. அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றிற்று. அதன் வழியிலே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி அமைந்தது. இலவசக் கல்வி நாட்டிலே நடைமுறைக்கு வந்ததும் அதே 1945இல்தான்.

அரை நூற்றாண்டு கழிந்து, போரினால் நமது மாணவர்கள் வடக்கிலும் மட்டக்களப்பிலும் பல்கலைக்கழகக் கல்வியைத் தொடர முடியாது தவித்தபோது, எம். எச். எம். அஷ்ரஃப் அவர்களின் முயற்சியால் 1995இல் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி எழுந்தது. மறு ஆண்டிலே அது முழுப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று அங்கே பொறியியற் பீடமும் உண்டு. சம்மாந்துறையிலே விஞ்ஞான பீடமும் உண்டு.

இவ்வளவுக்கும் பின்னால் நின்றவன் யார்? பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் சேற்றில் இறங்கிய விவசாயி. சூடு அடித்த களத்திலே, வட்டிக்காரனுக்கு அளந்தது போக மிஞ்சிய நெல்லை விற்றுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவன் அவன். ஆகவே, இவ்வூர்ப் பொறியியலாளனையும் வைத்தியனையும் பற்றிப் பேசும்போது வயலை விட்டுவிட்டுப் பேச எவராலும் முடியாது.

யார் பட்ட கடன்?

அந்த விவசாயிக்கு நேர்ந்தது என்ன? 2021 மே மாதத்திலே, ஒரே உத்தரவினால் இரசாயனப் பசளையின் இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரிலே தடையை நீக்கினார்கள். அதற்குள் பெரும்போகத்து விதைப்புக் காலம் கைநழுவிக்கொண்டிருந்தது. பசளையைக் கண்ணாற் காணாமலே பயிர் மஞ்சள் பூத்து நின்றது. விளைச்சல் விழுந்தது, கடன் எழுந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அரசாங்கமே கையை விரித்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாய் என்றிருந்த மதிப்பு, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மாதச் சம்பளத்தின் எண் மாறவில்லை. அதனால் வாங்கக்கூடிய பொருள் ஏறக்குறையப் பாதியாயிற்று.

வயலில் விளைச்சலும் போய், கந்தோரில் சம்பளமும் தேய்ந்த அந்த நேரத்தில் அரசாங்கம் செய்தது யாது? 2022 ஜூன் மாதத்தில் பொது நிருவாகச் சுற்றுநிருபம் 14/2022 வெளிவந்தது. அரசாங்க உத்தியோகத்தர் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம். பதவி மூப்புக்கும் இளைப்பாற்றுச் சம்பளத்துக்கும் பங்கமில்லை என்றது அது. 2023 ஜனவரியிலே, மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வருமானத்தின்மீது 6 வீதத்திலிருந்து 36 வீதம் வரை படிப்படியாக ஏறும் வரி வந்தது. ஒரு கையாற் கதவைத் திறந்தார்கள். மறு கையால் முதுகிலே தள்ளினார்கள்! 2025 ஏப்ரலிலே வரிவிலக்கின் எல்லையை ஒன்றரை லட்சமாக உயர்த்தியபோது, போகிறவர் போய்விட்டிருந்தார்.

2022ஆம் ஆண்டில் மாத்திரம் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்கென நாட்டைவிட்டுச் சென்றனர். வெளிநாட்டிலே உழைப்போர் அனுப்பிய பணம் அவ்வாண்டில் ஏறக்குறைய 380 கோடி டொலர். 2023இல் 597 கோடி. 2024இல் 657 கோடி. அதே 2024இல் இந்நாட்டின் புகழ்பெற்ற தேயிலை கொண்டுவந்தது ஏறக்குறைய 140 கோடி டொலரே. தேயிலைக்குச் சபை உண்டு, ஆராய்ச்சி நிலையம் உண்டு, மானியம் உண்டு. அதனைப்போல் நான்கு மடங்குக்கு மேல் ஈட்டித் தரும் மனிதனுக்கு என்ன உண்டு? விமான நிலையத்திலே ஒரு வரிசை உண்டு! 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது, கடல் கடந்து உழைப்பவன் தான் இருந்த இடத்திலிருந்து வாக்களிக்க வழியிருக்கவில்லை. அவனுடைய டொலரை எண்ணத் தெரிந்தவர்களுக்கு அவனுடைய வாக்கை எண்ணத் தெரியவில்லை என்று நாம் சொன்னால், அது மிகையாகுமா?

ஏசுவோருக்கு ஒரு வார்த்தை

இலவசமாகப் படித்துவிட்டு ஓடுகிறான் என்று ஏசுபவர்களைக் கேட்கிறோம்: அவன் ஓடுகிறானா, துரத்தப்படுகிறானா? தமிழ் பேசும் மக்களுக்கு இது புதிய அனுபவமும் அன்று. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது, கந்தோர்களில் எத்தனை தமிழ் உத்தியோகத்தரின் எதிர்காலம் அடைபட்டது! இங்கிலாந்துக்கும் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் அன்று சென்ற பொறியியலாளரும் ஆசிரியரும் ஆசையினால் மாத்திரமா சென்றார்கள்? 1983க்குப் பின் சென்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வெளியே போவது பாவமன்று. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1931இல் சிதம்பரம் சென்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். பின்பு திரும்பினார், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். போனதனால் அவருடைய அறிவு குறையவில்லை. திரும்பியதனால் நமது நாட்டின் அறிவு பெருகிற்று. கல்முனைக்கு அருகிலுள்ள கிராமத்து மனிதர் காட்டிய வழி இது.

ஆனால், போவதெல்லாம் ஒரே போக்கன்று. இதனை யாழ்ப்பாணத்தைக் கேட்டறிக. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் நிலஅளவைக் கந்தோருக்கும் இலிகிதர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் யாழ்ப்பாணத்தார் சென்றனர். அவர்களுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. உழைத்து முடிந்ததும் இளைப்பாற்றுச் சம்பளம் கிடைத்தது. ‘மலாயன் பென்சனியர்’ என்று ஊரிலே ஒரு மரியாதையும் கிடைத்தது. அவர்கள் அனுப்பிய காசோலையினால் பள்ளிக்கூடங்கள் எழுந்தன.

மத்திய கிழக்கு மலாயாவன்று. அங்கே இருபது ஆண்டு உழைத்தாலும் இளைப்பாற்றுச் சம்பளமில்லை; குடியுரிமையும் எளிதிற் கிட்டாது; வேலை முடிந்தால் வீசாவும் முடியும். இலங்கையிலே தனியார் கந்தோரில் இருந்தால்கூட, சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்டுகின்றனர். அங்கே அதற்கு ஈடாக உள்ளது வேலைமுடிவுப் பணிக்கொடை ஒன்றே. மலாயன் பென்சனியரின் கனவோடு கட்டாருக்கு விமானம் ஏறுபவன், ஐம்பத்தைந்தாம் வயதிலே வெறுங்கையுடன் கட்டுநாயக்காவில் இறங்குவான்.

ஒப்பந்தத்தைப் படியுங்கள்!

தொழில் கற்றவன் ஏமாறமாட்டான் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. கூலித் தொழிலாளியை ஏமாற்றுவதற்குப் பொய் தேவைப்படுகிறது. படித்தவனை ஏமாற்றுவதற்கு அவனுடைய அவசரமே போதும்.

கட்டாரில் மாதம் 8,000 ரியால் என்று கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீடெல்லாம் மகிழ்ச்சி. கடிதத்தின் இரண்டாம் பக்கத்திலே, அடிப்படைச் சம்பளம் 3,000; எஞ்சியவை வீடு, போக்குவரத்து முதலிய கொடுப்பனவுகள் என்றிருக்கும். அதை வாசிப்பவர் அருமை. அந்நாட்டுச் சட்டப்படி ஓராண்டு வேலைக்குக் குறைந்தது மூன்று வார அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகும். 3,000 ரியாலைக் கொண்டு கணக்கிட்டால் ஆண்டுக்கு 2,100. ஆறாண்டு முடிவில் 12,600. முழுச் சம்பளமே அடிப்படையாக எழுதப்பட்டிருப்பின் 33,600. ஒரு பக்கத்தைப் புரட்டாததன் விலை 21,000 ரியால்! ஐக்கிய அரபு இராச்சியத்திலும் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாட் சம்பளம், அதன்பின் 30 நாட் சம்பளம் என்ற கணக்கு அடிப்படைச் சம்பளத்தின் மீதே நடக்கிறது.

சவூதி அரேபியாவுக்குக் குடும்பத்தோடு போக எண்ணுகிறவர் இன்னொரு கணக்கையும் போடவேண்டும். 2017 ஜூலையிலே, உடன் வாழும் குடும்பத்தவர் ஒருவருக்கு மாதம் 100 ரியால் என்று ஓர் அறவீடு தொடங்கியது. ஆண்டுதோறும் நூறு நூறாக ஏறி, 2020இல் 400 ஆயிற்று. அந்த வீதப்படி மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு 14,400 ரியால். அன்றியும், தங்கள் நாட்டு இளைஞருக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே இறுகி வருகிறது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பொறியியலாளரை வைத்திருக்கும் தனியார் நிறுவனங்களில் 20 வீதம் சவூதிப் பொறியியலாளர் என்பது, 2024 ஜூலையிலே 25 வீதமாயிற்று. தங்கள் பிள்ளைகளுக்கு வேலை தேடும் அரசைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. நமது அரசு நமது பிள்ளைகளுக்கு அதைச் செய்யவில்லையே என்பதுதான் நமது வயிற்றெரிச்சல்.

வீசாவிலே எழுதப்படும் தொழிற்பெயரைக் கவனிக்க. பொறியியலாளனாகப் படித்து மேற்பார்வையாளன் வீசாவில் போகிறவன், வேலை மாற்ற முயலும்போதும் குடும்பத்தை அழைக்கும்போதும் அந்தச் சொல்லின் விலையைக் கொடுப்பான். பட்டச் சான்றிதழின் அத்தாட்சியையும், போகும் நாட்டின் தொழிற்பதிவையும் புறப்படுமுன் முடித்துக்கொள்க. அங்கு சென்றபின் வேறோர் ஒப்பந்தத்தை நீட்டினால், கையொப்பமிடுமுன் முதல் ஒப்பந்தத்துடன் வரிக்கு வரி ஒப்பிடுக. கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைப்பது கட்டாரிலும் சவூதியிலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் சட்டவிரோதம் என்பதை அறிந்திருங்கள். 2020இல் கட்டார், முதலாளியின் சம்மதக் கடிதமின்றி வேலை மாறும் உரிமையைச் சட்டத்தில் வைத்தது. உரிமை சட்டத்திலே இருக்கும். அதை அறியாதவனுக்கு அது இல்லாததே.

1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலே பதியாமல் போவதை ஒரு கெட்டித்தனமாகக் கருதுவோரும் நம்மிடையே உண்டு. அங்கே ஓர் இடர் நேரும்போது, பதிவில்லாதவனுக்காகக் கேட்க யாரும் இல்லை. கிழக்கிலே மூதூரில் ஓர் ஏழைச் சிறுமி, வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டுடன் 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்டு, 2013 ஜனவரி 9ஆம் திகதி வாளுக்குப் பலியானாள். பொய்க் கடதாசி என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? படித்தவர்களே, அது பணிப்பெண்ணின் கதை, நமதன்று என்று தள்ளிவிடாதீர்கள்.

நம் வீட்டுக் குற்றம்

அரசாங்கத்தை மாத்திரம் ஏசி முடித்தால் நாமும் மேடைப் பேச்சாளரின் கூட்டத்திலே சேர்ந்தவராவோம். குற்றத்தில் ஒரு பங்கு நம் வீட்டு முற்றத்திலே கிடக்கிறது.

குமரைக் கரைசேர்க்க வீடும் வளவும் கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் இக்கரையோரத்தில் வேரோடியிருக்கிறது. இரண்டு தங்கைமாருக்கு இரண்டு வீடு கட்டும்வரை காக்கா நாடு திரும்பக்கூடாது. முதல் வீடு எழும்பும்போது அயல்வீட்டில் மாடி எழும்புகிறது. உடனே இங்கும் மாடி, பளிங்குத் தரை, இரும்புப் படலை. ஐந்து ஆண்டு என்று போனவன் பதினைந்து ஆண்டு இருக்கிறான். அவன் பிள்ளைகள் அவனை விருந்தாளி என்று நினைக்கின்றன. மாப்பிள்ளை பார்க்கும்போது பட்டத்தைக் கேட்பதை விட்டு வீசாவைக் கேட்கும் காலம் வந்துவிட்டது. இந்த வெட்கத்தை எந்த அரசாங்கம் நம்மீது திணித்தது?

கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய ஒரு நிலத்துண்டில் நெருங்கி வாழ்பவர்கள் நாம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்தபோது அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். கடலுக்கு அஞ்சி மேற்கே நகர்கிறோம். அங்கே இருப்பது வயல். மண் போட்டு நிரப்பி மாளிகை கட்டுகிறோம். வெளிநாட்டுக் காசு ஒரு கண்டத்தை வளவாக்கும். வளவை மீண்டும் கண்டமாக்கும் காசு எந்த நாட்டிலும் அச்சடிக்கப்படவில்லை. முகவருக்குக் கொடுக்க வயலை ஈடு வைத்துப் போனவன், அதே வயலை மீட்காமலே மாடிக்குப் படிக்கட்டு வைக்கிறான் என்றால், அவன் சம்பாதித்தது என்ன?

நாம் கேட்பவை

அரசாங்கத்திடம் கேட்கிறோம். டொலர் வரும் நாடுகளிலெல்லாம் தூதரகத்தில் தொழிற்சட்டம் அறிந்தவரை, தமிழிலும் பேசக்கூடியவரை அமர்த்துக. போனவனின் வாக்குரிமைக்கு வழி செய்க. ஐந்தாண்டு லீவில் போன வைத்தியனும் பொறியியலாளனும் திரும்பும்போது, கற்றுவந்த வித்தைக்கு ஏற்ற இடத்தைக் கொடுக்க ஆயத்தமாக இருக்க. பசளையும் நெல்விலையும் விதைக்குமுன் தெரியட்டும்; விவசாயியின் மகன் ஓடவேண்டிய அவசரத்தில் பாதி அப்பொழுதே குறையும்.

போகிறவர்களைக் கேட்கிறோம். எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை, எந்தக் கருமம் என்று எழுதி வைத்துவிட்டுப் புறப்படுங்கள். முதற் சம்பளத்தில் ஈட்டு வயலை மீட்கும் வேலையைத் தொடங்குங்கள். இளைப்பாற்றுச் சம்பளம் தராத நாட்டிலே, மாதந்தோறும் ஒரு பங்கை எடுத்துத் தாமே தமக்கு இளைப்பாற்று நிதி கட்டுங்கள். இன்னுமொரு சிறு பங்கை, 1945இல் அஸீஸ் காட்டிய வழியிலே, வயற்காரனின் அடுத்த பிள்ளைக்கு ஒதுக்குங்கள். ஒலுவிலில் படிக்கும் அப்பிள்ளைக்கு அது புத்தகமாகும்; உமக்கோ அது ஊரோடு அறாத வேராகும்.

வீட்டில் இருப்பவர்களைக் கேட்கிறோம். தம்பி திரும்பி வருகிறேன் என்று எழுதும்போது, இன்னும் இரண்டு வருடம் பொறு மகனே என்று பதில் எழுதாதீர்கள். திரும்பி வந்தவனைத் தோற்றவன் என்று பார்க்காதீர்கள்.

விவசாயிகளே, உங்களுக்குப் பாடம் சொல்ல நாம் யார்? பஞ்சம் வந்தாலும் பட்டறையில் இருக்கும் விதைநெல்லைத் தொடக்கூடாது என்பதை உங்கள் முன்னோர் நமக்குச் சொல்லித் தந்தார்கள். இந்நாட்டை ஆண்டவர்கள் அந்தப் பட்டறையைத் திறந்து, விதைநெல்லை அளந்து அளந்து விற்றுக் கடன் அடைக்கிறார்கள். விற்ற நெல்லுக்கு வந்த விலையைக் காட்டி, நாடு செழித்தது என்கிறார்கள். மாரி பெய்யும். வாய்க்காலில் தண்ணீர் வரும். அப்போது விதைக்க நெல் எங்கே என்று கேட்பவர் நாமாகத்தான் இருக்க முடியும். அந்தக் கேள்வியை இன்றே கேட்போம்.